இன்னைக்குத் தாங்கிச்சு

பிள்ளைகளா, நேற்று நீங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். கையில் புதுக் கார்டு ஒன்று இருந்தது. "அப்பா, இந்தப் பழைய பவர் சப்ளை இதையும் சேத்துத் தாங்குமா?" என்று கேட்டீர்கள். ஒரு நாள் டைம் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவன், "இதுல பாக்க என்னப்பா இருக்கு, ஓடும், சலேகா" என்றான்.

‘சலேகா’ என்ற அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதைக் காதால் கேட்கவே பொறுக்காத ஒரு மனுஷரோடு நான் தாராவியில் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றி உங்களிடம் சொன்னதே இல்லை. நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். நீங்களோ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். அதனால் நமக்குள் சரியாய்ப் போகும். மெதுவாக வாசியுங்கள். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சந்தில் எத்தனையோ பாய் இருந்தாலும், பாய் என்றால் அவர்தான். ஊர் கடையநல்லூர்ப் பக்கம். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஸ்டெபிலைசர் செய்யும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். நான் அங்கே காயில் சுற்றுவேன், டிரான்ஸ்ஃபார்மருக்கு வார்னிஷ் அடிப்பேன், வீடுகளுக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவேன். எண்பதுகளில் பம்பாய்க்கு வெளியே கல்யாண், அம்பர்நாத் பக்கமெல்லாம் வோல்டேஜ் ஏறும், இறங்கும். டி.வி.யோ ஃபிரிட்ஜோ வாங்குகிறவர்கள் கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கிவிடுவார்கள். அதுதான் எங்கள் பிழைப்பு.

பாய் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஸ்டூலில் உட்காரும் முன் அதை உள்ளங்கையால் அழுத்துவார். இடமும் வலமும் ஆட்டுவார். ஒரு முழங்காலை ஊன்றிப் பார்ப்பார். அதற்குள் வேறு ஏதாவது ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவார். கடைக்கு மேலே சாமான் வைக்கும் மாளா ஒன்று உண்டு. அதற்கு ஏற இரும்பு ஏணி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறினாலும் அத்தனை தடவையும் ஏணியைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் ஏறுவார்.

"பாய், காலையில ஏறின அதே ஏணிதான்" என்பேன்.

"ஏணி அதேதான்லே. ஏறுற ஆள் அதே ஆள் இல்ல. மத்தியானம் பிரியாணி தின்னுருக்கேன்" என்பார்.

பம்பாயில் எதைக் கேட்டாலும் சலேகா என்பார்கள், உங்களுக்கே தெரியும். ஓடும், சமாளிக்கும், நீ போ என்று அர்த்தம். இந்த ஊரே அந்த வார்த்தையில்தான் நிற்கிறது. கோலி என்கிற ஒற்றை அறை வீட்டுக்கு மேல் இன்னொரு கோலி கட்டுகிறவனும் அதைத்தான் சொல்வான். ஒரே ஒயரிலிருந்து பத்து வீட்டுக்குக் கரண்ட் இழுக்கிறவனும் அதைத்தான் சொல்வான். பாய்க்கு அது ஆகாது. யாராவது சொன்னால் கால் ஆட ஆரம்பிக்கும். "தாங்கும்னு யார் சொன்னா?" என்பார். லேபிளில் போட்டிருக்கிறதே பாய் என்றால், "லேபிளா கரண்ட் குடுக்குது?" என்பார்.

தன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கக் கல்யாணுக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். பிஸ்கட், டீ எல்லாம் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா பையனின் குணத்தைப் பற்றி நிறையச் சொன்னார். பாய் அதையெல்லாம் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "இந்தச் சம்பளத்துல இப்போ எத்தன பேரு சாப்பிடுதிய?" என்று கேட்டார். அவர் சொன்னார். "அப்போ இன்னொரு ஆளு வந்தா எப்படித் தாங்கும்?" என்றார்.

வாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தம்பி, நீரு தங்கச்சியைக் கட்டிக் குடுக்க வந்தீரா, ரேஷன் கடைக்கு ஆள் எண்ண வந்தீரா?"

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. மாப்பிள்ளைதான் சிரித்துவிட்டு, "இப்பவே திணறலாத்தான் இருக்கு மச்சான். ஓவர்டைம் பாத்து ஓட்டுதேன்" என்றார். பாய் டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். வெளியே வந்ததும், "முடிச்சிரலாம்லே. உள்ளதைச் சொல்லுதான்" என்றார். தங்கச்சி அங்கே நன்றாகத்தான் இருந்தாள். ஆனாலும் ரொம்ப நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்யாண் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இதையெல்லாம் சொன்னால் வேடிக்கையாக இருக்கும். கூட இருக்கிறவனுக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்காது. ஒவ்வொரு தடவை புதுச் சரக்கு செய்யும்போதும் அதில் ஒன்றை எடுத்து வைத்து, பல்ப், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போவார். எழுதியிருக்கும் அளவைத் தாண்டியும் மாட்டுவார். அது கருகி நாற்றம் வரும் வரைக்கும் விடமாட்டார். "எங்க உடையும்னு தெரியாம எப்படிலே விக்கது?" என்பார். அதுவரைக்கும் நடந்துகொண்டே இருக்கிறவர், அந்தக் கருகல் நாற்றம் வந்ததும் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் அப்படியே உட்காருவார். முகம் தெளிந்துவிடும். ஒரு பொருள் சாகும்போதுதான் இந்த மனுஷருக்கு நிம்மதி வருகிறதே என்று எனக்கு உள்ளே ஒரு பயம் தட்டும். ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். சின்ன வயதில் ஏதாவது இடிந்து விழுந்ததா, யாருக்காவது ஏதாவது ஆச்சா என்று. "ஒண்ணும் விழல. பிறவிக் குணம். உனக்கு மூக்கு அப்படி இருக்கே, ஏன்னு நான் கேட்டனா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இனி அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் சந்து முனையில் டாக்ஸி நின்றது. நெற்றியில் விபூதியோடு ஒருவர், போர்வையில் சுற்றிய பெட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டுங்காவில் இருப்பவர். ஃபிரிட்ஜுக்கு எங்களிடம் ஸ்டெபிலைசர் வாங்கியவர். அவரை எல்லாரும் மாமா என்பார்கள், நானும் அப்படியே. ஆபீசில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர், கம்ப்யூட்டர்தான் இனிமேல் என்று வேலையை விட்டுவிட்டு, ஒரு கம்பெனி கழித்துப் போட்ட மெஷினை வாங்கி வீட்டு முன்னறையில் வைத்திருந்தார். அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரியின் சம்பளக் கணக்கு வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள். மாசா மாசம் சம்பள நாளுக்கு முன்னால் எல்லாருக்கும் சம்பளச் சிலிப் அடித்துக் கொடுத்துவிட்டால் வேலை நிரந்தரம். ஒரு மாதம் தவறினாலும் முடிந்தது. பழையபடி கிளார்க்குகள் கையால் எழுதுவார்கள். மாமாவுக்குத் திரும்பிப் போக ஆபீஸும் இல்லை.

அத்தனை பேர் கணக்கும் ஃபிளாப்பியில் அடங்காது என்று ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி உள்ளே மாட்டச் சொல்லியிருக்கிறார். அங்கேதான் வினை.

"ஸ்விட்சைப் போட்டா ஃபேன் ரெண்டு சுத்து சுத்தறது. அப்புறம் டிக்குனு ஒரு சத்தம். செத்துப் போறது" என்றார் மாமா.

"டிஸ்க்கு வித்தவன் என்ன சொன்னான் சார்?"

"சலேகான்னான்."

பாய் என்னைப் பார்த்தார். கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

ஆனால் அன்றைக்கு நாங்கள் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். பெட்டியைத் திறக்கவே இல்லை. வாசலோடு எங்கள் பெரிய ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். கரண்ட் பத்தவில்லை என்று யார் வந்தாலும் எங்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். ஸ்டெபிலைசர்காரனுக்கு எல்லா நோயும் சுவரிலிருந்து வருகிற நோயாகத்தான் தெரியும்.

மாமா பெட்டியோடு திரும்பி வந்தார். "ஓய் பாய், உம்ம ஸ்டெபிலைசர் ஜோரா இருக்கு. முள்ளு ஆடாம அசையாம நிக்கறது. மெஷின்தான் செத்துப் போறது."

பாய் கடையின் உள்ளுக்கும் வாசலுக்குமாக நாலு நடை நடந்தார். பிறகு என்னிடம், "வாசல்ல வர்ற தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்லே. உள்ள இருக்கிற குழாயப் பாக்கல. எல்லாத்தையும் சோதிக்கேன்னு பீத்திக்கிட்டு, இதை விட்டுட்டேன்" என்றார். மாமாவிடம், "சார், மெஷின் இங்க இருக்கட்டும்" என்றார்.

"எத்தனை நாள்? வெள்ளிக்கிழமை சிலிப் போயாகணும்."

"தெரியும் சார். அதான் இருக்கட்டும்ங்கேன்."

பெட்டியைத் திறந்தோம். பவர் சப்ளை ஒரு ஓரத்தில் தகரப் பெட்டியாக இருந்தது. உங்கள் மெஷினில் இருப்பது நானூறு, ஐந்நூறு வாட் இருக்கும். அதில் எழுதியிருந்தது அறுபது சொச்சம். நம் வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்ப் ஒன்று தின்கிற அளவுதான். அதிலிருந்துதான் போர்டு, கார்டுகள், இரண்டு ஃபிளாப்பி எல்லாம் சாப்பிட வேண்டும். இப்போது டிஸ்க்கும் வந்து உட்கார்ந்துவிட்டது.

பாய் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, அது இருந்த கனெக்‌ஷனில் காரின் பின்விளக்கு பல்புகளை மாட்டச் சொன்னார். ஒன்று மாட்டினேன், எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. மூன்றாவதை வைத்ததும் டிக். ஃபேன் நின்றது. பாய் பக்கத்திலிருந்த ஒயர் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"டிஸ்க்கு ஓட ஆரம்பிச்ச பிறகு ரெண்டு பல்புதான் திங்கும். கெளம்பும்போது மூணு, நாலு கேக்கும். சயான் மேட்டுல கைவண்டி தள்ளுறவனப் பாத்திருக்கல்லா? மொதத் தள்ளுக்கு நாலு பேரு வேணும். உருண்டுட்டா ரெண்டு பேரு போதும். நம்மாளுக்கு அந்த மொதத் தள்ளுக்குச் சத்து இல்ல."

பெரிய பவர் சப்ளை வாங்கலாம் என்று மாமா கடைகளில் ஏறி இறங்கினார். அந்தப் பெட்டியில் உட்காருகிற மாதிரி எவரிடமும் இல்லை. கப்பலில் வருகிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை கப்பலுக்காகக் காத்திருக்காது. பாய் ஒரு வழி சொன்னார். டிஸ்க்குக்கு மட்டும் தனியாக வெளியே ஒரு சப்ளை. எங்களுக்குத் தெரிந்த வேலைதான், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது. நான் சுற்றினேன், அவர் மற்றதை இணைத்தார். முதலில் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்து, அது முழு வேகம் பிடித்த பிறகு மெஷினைப் போட வேண்டும்.

மாமா வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மாட்டுப்பொண்ணு வந்த மறுநாளே தனி அடுப்பு வச்சுக் குடுத்துட்டீரே ஓய்."

"சண்டை இல்லாம சோறு பொங்கினாச் சரிதான் சார்" என்றார் பாய்.

எங்கள் மேசையில் டிஸ்க் சுற்றியது. மெஷின் எழுந்தது. திரையில் எழுத்து வந்தது. அணைத்துப் போட்டோம், மறுபடி அணைத்துப் போட்டோம். மாமா போர்வையை விரித்துவிட்டார். "கொண்டுபோலாமோன்னோ?"

பாய் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். அடுப்புக்குள் இருக்கிற மாதிரி இருந்தது கடை. "சார், உங்க வீட்டுல மெஷின் எந்த அறையில இருக்கு?"

"ஏ.சி. ரூம். கம்ப்யூட்டர்னா ஏ.சி. இல்லாமலா?"

"அப்போ நாங்களும் வாரோம்."

மாட்டுங்கா வீட்டு வாசலில் எங்கள் இரண்டு பேருக்குமே கொஞ்சம் தயக்கம்தான். உள்ளே விடுவார்களா, வாசலோடு நிறுத்திவிடுவார்களா என்று. மாமி கதவைத் திறந்து, "உள்ள வாங்கோ. செருப்பை மட்டும் அங்க விட்டுடுங்கோ. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம்" என்றார். சாமி அறைக்குப் போகிற மாதிரிதான் போனோம். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. மாமா முதலில் ஏ.சி.யைப் போட்டார். அறை நன்றாகச் சில்லிட்ட பிறகுதான் மெஷினைத் தொட வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பாய் குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் டிஸ்க்கைப் போட்டோம். அது முனகியது. எழவில்லை. அந்த நேரம் பார்த்து ஏ.சி.யின் கம்ப்ரஸர் உதறிக்கொண்டு கிளம்ப, லைட் ஒரு தடவை மங்கியது, எங்கள் தனி சப்ளையும் நின்றது. டிக்.

மாமாவின் முகம் சுருங்கிப் போயிற்று. பாய் மாமாவின் நாற்காலியில், அதை ஆட்டிக்கூடப் பார்க்காமல், உட்கார்ந்தார்.

"எங்க கூரைக்குக் கீழ, அந்தக் கொதிப்புல ஓடுன டிஸ்க்கு சார் இது. இங்க வெறச்சுப் போய்க் கெடக்கு, மொதத் தள்ளு இன்னும் கனக்கும். அங்க பாத்துட்டு இங்க கொண்டுவந்து வச்சா எப்படி? ஏ.சி.ய நிறுத்துங்க."

ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். பிறகு டிஸ்க். அது எழுந்து, சத்தம் ஏறி, ஒரே சீராக நின்றதும் மெஷின். எல்லாம் வந்த பிறகு கடைசியாக ஏ.சி. திரையில் எழுத்து வந்தது. கம்ப்ரஸர் உதறியபோதும் அது அசையவில்லை.

"எல்லாம் தலைகீழா இருக்கே ஓய்" என்றார் மாமா. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சிலிப் எல்லாம் அம்பர்நாத் போய்ச் சேர்ந்தது.

வேறு ஆளாக இருந்தால் அதோடு முடிந்தது. பாய் மறுநாள் காலையில் கடையைத் திறக்கும் முன் மாட்டுங்காவுக்கு நடந்தார். அதற்கு மறுநாளும். தினமும். மூன்று ஸ்விட்சையும் அவரே வரிசையாகப் போடுவார். டிஸ்க்கின் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். திரை வந்ததும், "இன்னைக்குத் தாங்கிச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுவார். சில நாள் நானும் கூடப் போவேன்.

மாமாவுக்கு முதலில் சிரிப்பு. அப்புறம் எரிச்சல். "நான் ஆபீஸ் கணக்கையே கட்டிக் காத்தவன் ஓய். மூணு ஸ்விட்ச் போடத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் சார். ஸ்விட்சுக்கு உங்களத் தெரியாதுல்லா."

இரண்டாவது மாசமும் சிலிப் போயிற்று. மூன்றாவது மாசம் பாதியில் ஒரு நாள் மாமா பாயைப் படியிலேயே நிறுத்தினார். "ஃபேக்டரி ஆபீசர் கேக்கறார், இந்த மெஷினை நம்பலாமான்னு. தாங்கும்னு ஒரு வார்த்தை வாயால சொல்லும். நான் தைரியமா சொல்லிக்கறேன்."

"இன்னைக்குத் தாங்கிச்சு சார்."

"நான் நாளைக்குக் கேக்கறேன்."

"நாளைக்கு வந்து சொல்லுதேன்."

மாமா என் பக்கம் திரும்பி, "இந்த மனுஷன்கிட்ட வார்த்தை வாங்கறதுக்கு பேங்க்ல கடன் வாங்கிடலாம்" என்றார். பாய் அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.

மூன்றாவது மாசத்துச் சிலிப் அடிக்க வேண்டிய சனிக்கிழமை காலை நான் கடைக்குப் போனபோது ஷட்டர் மூடியிருந்தது. பாயின் வீட்டம்மா வாசலில் நின்றார். விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். டாக்டர்கள் பயப்பட வேண்டாம் என்றார்களாம், ஆனால் எழுந்திருக்கக் கூடாதாம். "அந்த மெஷினு மெஷினுன்னு பொலம்புதாவ. நீங்க போய்ப் பாருங்க தம்பி, அவுகள நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தையல் கடைக்கு மாமா போன் பண்ணிவிட்டார். "பாய் இன்னும் வரலையே" என்று.

ஓட்டமும் நடையுமாக மாட்டுங்கா போனேன். ஏ.சி. ஓடவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. மாமா மெஷின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மாமி சாமி அறைக்குப் போனார்.

"நீங்களே போட்டிருக்கலாமே மாமா."

"போட்டிருக்கலாம். ஸ்விட்ச் வரைக்கும் கை போச்சு, திரும்பி வந்துடுத்து." பிரிண்டரைக் காட்டினார். "பேப்பரைக்கூட மாட்டலைப்பா. மத்தியானம் அம்பர்நாத்லேர்ந்து ஆள் வந்துடுவான். இன்னிக்குப் போச்சுன்னா எல்லாம் போச்சு. நீ போடு."

போட்டேன். டிஸ்க்கின் சத்தம் ஏற ஆரம்பித்தது. பாய் எந்த இடத்தில் திருப்தியானார் என்று எனக்குச் சத்தத்தை வைத்துச் சொல்லத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் தெரிந்துகொண்டிருந்தேன். அன்று பார்க்க முகம் இல்லை. கையை வைத்தேன். அதிர்வு ஒரே மாதிரி ஆகிற வரைக்கும் நின்றேன். போதுமா என்று தோன்றியது, இன்னும் கொஞ்சம் நின்றேன். அப்புறம் மெஷின். ஃபேன் சுற்றியது, நிற்கவில்லை. திரை வந்தது. கடைசியாக ஏ.சி.

மாமா எழுந்து பேப்பரை மாட்டினார். பிரிண்டர் கரகரவென்று அடிக்கத் தொடங்கியது. நான் போகலாம்தான். போகவில்லை. மாமி நாற்காலி கொண்டுவந்து போட்டார், உட்காரவும் முடியவில்லை. அந்தச் சின்ன அறையில் நடந்துகொண்டே இருந்தேன். "நீ ஒரு எடத்துல நில்லுப்பா, எனக்குத் தலை சுத்தறது" என்றார் மாமா. அம்பர்நாத் ஆள் வந்தபோது கடைசிக் கத்தை அடித்துக்கொண்டிருந்தது. அவர் சிலிப்பைப் புரட்டிப் பார்த்தார். அடுத்த மாசத்திலிருந்து இன்னொரு ஷெட்டின் கணக்கும் உங்களுக்குத்தான் என்று ஆபீசர் சொல்லச் சொன்னார் என்றார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாய் படுத்திருந்தார். படுத்தபடியே கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா கையைத் தட்டிவிட்டார்.

"சிலிப்பு போச்சா?"

"போச்சு பாய். வேலை நிரந்தரம் ஆயிட்டு. இன்னொரு ஷெட்டும் குடுத்திருக்காங்க."

"ஏ.சி.?"

"கடைசியாத்தான் போட்டேன்."

"யாரு போட்டா, நீயா, அவரா?"

"நான்தான்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். "நாளைக்கு?" என்றார்.

நர்ஸ் வந்து நேரம் ஆச்சு என்றாள். நான் கிளம்பி வந்துவிட்டேன். அவர் அங்கிருந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்தார், பின்னால் பல வருஷம் ஏணியை உலுக்கிக்கொண்டுதான் இருந்தார். பெரிய பவர் சப்ளையும் ஒரு நாள் கப்பலில் வந்து சேர்ந்தது. அதையெல்லாம் இன்னொரு நாள் நேரில் சொல்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. மாமா வீட்டில் வேலை கிடையாது. எனக்கும் கடை இல்லை. ஆனாலும் காலையில் கால் மாட்டுங்காவுக்குத்தான் போயிற்று. மாமாவும் மாமியும் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு லீவாச்சேப்பா" என்றார் மாமா.

"ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுப் போயிடுறேன் மாமா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. "போறச்சே கதவைச் சாத்திண்டு போ" என்று சொல்லிவிட்டு மாமியோடு இறங்கிப் போனார்.

ஜன்னலைத் திறந்தேன். டிஸ்க்கைப் போட்டேன். பெட்டி மேல் கையை வைத்தேன். கீழே ரோட்டில் ஆட்கள் போகிற சத்தம், மேலே யாரோ துணி துவைக்கிற சத்தம், அதற்கிடையில் இந்தச் சத்தம் ஏறி ஒரே சீராக நின்றது. மெஷினைப் போட்டேன். திரை வெளிச்சமாகும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. சொல்வதற்கு அறையில் யாரும் இல்லை. மெஷினை அணைத்தேன், டிஸ்க்கை அணைத்தேன். டிஸ்க் நிற்க நேரம் எடுத்தது. அது முழுசாக நிற்கும்வரை நின்றிருந்துவிட்டு, மேலே துணியைப் போர்த்தி, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பிடியைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பாதிப் படி இறங்கியவன், திரும்ப ஏறிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.